அறுந்துபோகாத சுட்டுகள்

நிரலும் நூலும் – 12

நிரல்மொழி ஒன்றின் ஆவணத்தை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படிப்பவர் அரிது. ஏதோ ஒரு பிழை துரத்த, தேடுபொறி காட்டிய பக்கத்தில் வந்து இறங்குவதே வழக்கம். இறங்கிய இடம் சரியானதா, இல்லையென்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பக்கத்திலுள்ள குறுக்குச் சுட்டுகளே சொல்கின்றன. ஒரு செயற்கூற்றின் விளக்கத்திலிருந்து அதற்கு உறவான இன்னொரு செயற்கூற்றுக்கும், ஒரு கலைச்சொல்லிலிருந்து அதன் வரையறைக்கும், ஒரு பிழைச்செய்தியிலிருந்து அதன் காரணத்துக்கும் அழைத்துச் செல்லும் இணைப்புகள் இவை. இவை சரியாக இருக்கும்வரை ஆவணம் ஒரே நூலாக நிற்கும். அறுந்துவிட்டால் தனித்தனித் தாள்களாகச் சிதறிவிடும்.

ஜொகூர் மாநிலத்தில் நிரல் கற்கும் இளையோருக்கு இது நேரடியான தேவை. மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் கணினி அறிவியல் பாடத்தில் நான்காம் படிவத்தில் ஜாவாவும், ஐந்தாம் படிவத்தில் ஜாவாஸ்கிரிப்ட், பி.எச்.பி. ஆகியவையும் வருகின்றன. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கிறது. அங்கே கணினியியலுக்கெனத் தனிப் புலம் உண்டு. இஸ்கந்தர் புத்ரியில் ‘42’ வலையமைப்பைச் சேர்ந்த நிரலாக்கப் பள்ளி இயங்குகிறது. 2013-ல் பாரிசில் தொடங்கிய இந்த முறையில் விரிவுரை கிடையாது, ஆசிரியரும் கிடையாது. மாணவர்கள் ஆவணங்களைப் படித்தும் ஒருவரையொருவர் கேட்டும் கற்கிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், திரையில் ஆங்கிலம் என்று புழங்கும் மாணவருக்கு, எந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டித் தேடுவது என்று தெரியாமல் போவதே முதல் தடை. சொல் தெரியாதவருக்குத் தேடுபெட்டி பயன்படாது. படித்துக்கொண்டிருக்கும் வரியிலேயே இருக்கும் இணைப்புதான் கைகொடுக்கும். ஆகவே சுட்டுகளைச் சீராக்குவது ஆவணத்துக்கு மெருகேற்றும் வேலை அன்று; கற்பவருக்கு வழி திறக்கும் வேலை.

சுட்டும் வழக்கம்

ஒரு நூலின் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்தைச் சுட்டும் முறையைத் தமிழிலக்கணம் மிக முன்பே வகுத்துவிட்டது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் செய்வோர் கையாளும் 32 உத்திகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் மூன்று நேரடியாகச் சுட்டைப் பற்றியவை. முன்பே சொன்னதை நினைவூட்டுவது ‘உரைத்தாம் என்றல்’. பின்னால் சொல்லப்போவதை அறிவிப்பது ‘உரைத்தும் என்றல்’. ஓரிடத்தில் சொன்ன விதியை இன்னோரிடத்துக்கும் பொருத்திச் செல்வது ‘மாட்டெறிந்து ஒழுகல்’. ஒரே விதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல் நூலைச் சுருக்கமாகவும் முரணில்லாமலும் வைத்திருப்பது இவற்றின் பயன். நிரல்மொழி ஆவணங்களிலும் சுட்டின் பயன் இதுவே.

கணினி ஆவணங்களில் இந்த வழக்கத்தை நிலைநாட்டியது யூனிக்ஸ் கையேடு. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அதன் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே வரிசையில் அமைந்த தலைப்புகள்: பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், ‘இவற்றையும் பார்க்க’, அறியப்பட்ட பிழைகள். அந்த ‘இவற்றையும் பார்க்க’ பகுதி ஐம்பது ஆண்டுகளைக் கடந்து இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளின் கையேட்டுப் பக்கங்களில் இருக்கிறது.

‘42’ பள்ளி மாணவரின் தொடக்கநிலைத் திட்டப்பணிகளில் ஒன்று, சி மொழியின் நிலையான செயற்கூறுகளைத் தாமே மீண்டும் எழுதி ஒரு நிரலகம் அமைப்பது. மூலச் செயற்கூறு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குக் கையேட்டுப் பக்கமே சான்று. இரண்டு சிக்கல்கள் அங்கேயே அவர்களுக்கு எதிர்ப்படுகின்றன. குறுக்குச் சுட்டின் அடிப்படைப் பாடங்களும் அவையே.

முதற்சிக்கல், ஒரே பெயரில் பல பொருள்கள். ‘ரைட்’ என்று கையேட்டைக் கேட்டால், அதே கணினியில் இருக்கும் மற்றொரு பயனருக்குச் செய்தி அனுப்பும் கட்டளையின் பக்கம் முதலில் வந்து நிற்கும். மாணவருக்கு வேண்டியதோ, தரவைக் கோப்பில் எழுதும் இயக்குதள அழைப்பு. அதன் பெயரும் ‘ரைட்’தான். யூனிக்ஸ் இதற்குத் தந்த தீர்வு பிரிவு எண். கட்டளைகள் பிரிவு 1, இயக்குதள அழைப்புகள் பிரிவு 2, நிரலகச் செயற்கூறுகள் பிரிவு 3. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண்ணையும் சேர்த்தால்தான் சுட்டு முழுமை பெறும். பெயர் மட்டும் போதாது, அந்தப் பெயர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதும் வேண்டும் என்ற விதி இங்கே பிறந்தது. பின்வந்த நிரல்மொழிகள் பலவும் இதை ஏதோ ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன.

இரண்டாம் சிக்கல், ஏன் அங்கே போக வேண்டும் என்று சொல்லாத சுட்டு. நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை நகலெடுக்க சி மொழியில் ‘மெம்காப்பி’, ‘மெம்மூவ்’ என்று இரண்டு செயற்கூறுகள் உண்டு. மூல இடமும் சேரும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் மெம்காப்பி தவறான விளைவைத் தரலாம்; மெம்மூவ்தான் பாதுகாப்பானது. 2010-ல் சி மொழியின் குனூ நிரலகத்தில் மெம்காப்பியின் வேகத்தைக் கூட்ட, தரவு நகலாகும் வரிசையை மாற்றினார்கள். அதன் விளைவாக ஃபெடோரா 14 இயக்குதளத்தில் அடோபி ஃபிளாஷ் வழியே வந்த ஒலி சிதைந்தது. படிந்திருக்கும் இடங்களுக்கும் மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்ததே காரணம். பழைய வரிசையில் தற்செயலாக மறைந்திருந்த பிழை புதிய வரிசையில் வெளிப்பட்டது. இன்றைய லினக்ஸ் கையேட்டில் மெம்காப்பியின் விளக்கம், இடங்கள் படிந்திருக்கக் கூடாது என்று சொல்லி, படிந்திருந்தால் மெம்மூவைப் பயன்படுத்துமாறு அங்கேயே சுட்டுகிறது. இந்தப் பழைய நிகழ்வையும் குறிப்பாகத் தருகிறது. பக்கத்தின் அடியில் பத்துப் பெயர்களுக்கு நடுவே மெம்மூவும் ஒன்றாக இருப்பதைவிட, நிபந்தனை சொல்லப்படும் வரியிலேயே அது சுட்டப்படுவது பல மடங்கு பயனுள்ளது.

முகவரியா, பெயரா?

வலைக்கு வந்த பிறகு சுட்டுகளைச் சொடுக்க முடிந்தது. கூடவே அவை அறுந்துபோகவும் தொடங்கின. 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு 2023 அக்டோபரில் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்கிட்டது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றக் கூடாது என்று 1998-லேயே தனிக் கட்டுரை எழுதி வலியுறுத்தினார். நிரல்மொழி ஆவணங்களில் இந்தச் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும். செயற்கூறு ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகரும், பெயர் மாறும், பழைய வகை நீங்கிப் புதியது வரும். ஒவ்வொரு முறையும் பக்கத்தின் முகவரி மாறும். அதைச் சுட்டி நிற்கும் இணைப்புகள் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

ரஸ்ட் மொழியின் பட்டறிவு இதற்கு நல்ல சான்று. அம்மொழியின் ஆவணக் கருவி ஒவ்வொரு வகைக்கும் தனிக் கோப்பு உருவாக்கும். கோப்பின் பெயரில் அந்த வகை எத்தகையது என்ற முன்னொட்டும் இருக்கும். ஆவணம் எழுதுவோர் அந்தக் கோப்புப் பாதையைக் கையால் தட்டித்தான் இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வகையை வேறு விதமாக வரையறுத்தால் முன்னொட்டு மாறி இணைப்பு அறும். இதைவிடக் கடினமான இன்னொன்றும் இருந்தது. ரஸ்டின் அடிப்படை நிரலகத்தில் எழுதிய விளக்கம், அதை உள்ளடக்கிய பெரிய நிரலகத்தின் ஆவணத்திலும் அப்படியே தோன்றும். ஓரிடத்தில் சரியாக இருக்கும் பாதை மற்றோரிடத்தில் தவறாகிவிடும். எந்தப் பாதையை எழுதினாலும் ஒரு பக்கம் அறுந்தே தீரும்.

தோட்டத்தில் ஒருவர் வீட்டை ‘மூன்றாவது லயத்தில் நான்காவது வீடு’ என்று அடையாளம் சொன்னால், லயத்தை இடித்துக் கட்டும்வரைதான் அது பயன்படும். பெயரைச் சொல்லிக் கிராணியிடம் கேட்டால், அவர் செக்ரோலைப் புரட்டி இன்றைய வீட்டைக் காட்டுவார். ரஸ்ட் குழு இரண்டாவது வழிக்கு மாறியது. 2017-ல் 1946 என்ற எண்ணுள்ள முன்மொழிவாக வந்த திட்டம், 2020 நவம்பர் 19 அன்று வெளியான 1.48 பதிப்பில் நிலைபெற்றது. இப்போது ஆவணம் எழுதுவோர் சதுர அடைப்புக்குறிக்குள் செயற்கூற்றின் பெயரை எழுதினால் போதும். நிரலைத் தொகுக்கும்போது அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று கணினி எப்படிக் கண்டறிகிறதோ, அதே விதிப்படி ஆவணக் கருவியும் கண்டறிந்து அன்றைய முகவரியை இட்டுக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் இருந்தால் எது என்று கேட்கும். எழுதுபவர் ‘செயற்கூறு’ அல்லது ‘வகை’ என்ற முன்னொட்டைச் சேர்த்துத் தெளிவாக்கலாம். யூனிக்ஸின் பிரிவு எண் செய்த வேலையை இங்கே முன்னொட்டு செய்கிறது.

மற்ற மொழிகளும் வெவ்வேறு காலத்தில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஜாவாவின் ஆவணக் கருவியில் ‘இதையும் பார்க்க’ என்ற குறி தொடக்கத்திலிருந்தே உண்டு. வரிக்கு நடுவே பெயரால் இணைப்புக் கொடுக்கும் குறி 1998-ல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்தது. கோ மொழியில் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டுச் சுட்டும் வசதி 2022 ஆகஸ்டில் வெளியான 1.19 பதிப்பில்தான் கிடைத்தது. பி.எச்.பி. வேறொரு வழியில் பெயருக்கு முதலிடம் கொடுத்தது: அதன் தளப் பெயருக்குப் பின்னால் செயற்கூற்றின் பெயரைத் தட்டினாலே கையேட்டின் உரிய பக்கம் திறக்கும். பாதையை நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதால், புதிதாகக் கற்கும் ஐந்தாம் படிவ மாணவருக்கும் அது எட்டும்.

நூல்விட்டு நூலுக்கு

இன்று எந்த நிரலும் தனியாக இயங்குவதில்லை. ஒரு நிரலகம் பத்து நிரலகங்களின் மேல் நிற்கிறது. அவற்றின் ஆவணங்களும் ஒன்றையொன்று சுட்டியாக வேண்டும். ஆனால் ஒரு குழுவின் ஆவணத்தை இன்னொரு குழு கட்டுப்படுத்த முடியாது. இதற்கு நல்ல விடை பைத்தான் உலகிலிருந்து வந்தது.

பைத்தானின் ஆவணங்கள் முன்பு லாடெக் வடிவில் இருந்தன. கியோர்க் பிராண்டல் அவற்றை எளிய உரை வடிவுக்கு மாற்றினார். அதற்காக அவர் உருவாக்கிய ஸ்பிங்க்ஸ் கருவி 2008-ல் பொதுவெளிக்கு வந்தது. அந்த ஆண்டு வெளியான பைத்தான் 2.6-ன் ஆவணம் இக்கருவியால் ஆனது. ஸ்பிங்க்ஸில் ஒவ்வொரு சுட்டும் இரண்டு செய்திகளைத் தாங்கும்: சுட்டப்படுவது செயற்கூறா, இனக்குழுவா, கலைச்சொல்லா என்ற வகை; அதன் முழுப்பெயர். ஆவணத்தைக் கட்டி முடிக்கும்போது, அதில் வரையறுக்கப்பட்ட பெயர்கள் அனைத்தையும் அவற்றின் முகவரிகளோடு ஓர் இருப்புப் பட்டியலாக ஸ்பிங்க்ஸ் எழுதிவைக்கிறது. மற்றொரு குழுவின் ஆவணக் கருவி அந்தப் பட்டியலை இறக்கிப் படித்து, பெயரைக் கொண்டு முகவரியைக் கண்டுபிடிக்கிறது. நம்பை நிரலகத்தின் ஆவணம் பைத்தானின் அடிப்படை வகைகளைச் சுட்டுவது இப்படித்தான். பைத்தான் குழு பக்கங்களை இடம் மாற்றினாலும் பட்டியலும் உடன் மாறுகிறது. நம்பை ஆவணத்தை மறுமுறை கட்டும்போது இணைப்பு தானாகவே சரியாகிவிடும்.

பதிப்பு எண் இங்கே கவனம் கோரும் இன்னொரு செய்தி. பைத்தான் தளத்தில் ‘3’ என்று முடியும் முகவரி எப்போதும் நடப்புப் பதிப்புக்கு அழைத்துச் செல்லும், ‘3.12’ போன்றது அந்தப் பதிப்பிலேயே நிற்கும். பொதுவான விளக்கத்துக்கு முதல்வகை இணைப்பு பொருந்தும். ஒரு குறிப்பிட்ட பதிப்பின் நடத்தையைப் பற்றிப் பேசும்போது இரண்டாம் வகையே சரி. இதைக் கலந்துவிட்டால் இணைப்பு அறாது. ஆனால் படிப்பவர் வேறொரு பதிப்பின் விதியைத் தம் பதிப்பின் விதி என்று எடுத்துக்கொள்வார். திறக்காத இணைப்பைவிட இது தீங்கானது. திறக்காத பக்கம் தன் குறையைத் தானே சொல்லிவிடும். தவறான பதிப்பின் பக்கம் அப்படிச் சொல்லாது.

சத்தமின்றி அறுபவை

பெயரால் சுட்டினாலும், சுட்டிய பெயர் இல்லாமல் போனால் என்ன நடக்கிறது என்பதில் கருவிகளுக்குள் வேறுபாடு உண்டு. ஸ்பிங்க்ஸின் இயல்பான அமைப்பில், பைத்தான் செயற்கூறு ஒன்றின் பெயரைத் தவறாக எழுதினால் எச்சரிக்கை வராது; அந்தப் பெயர் இணைப்பில்லாத வெறும் எழுத்தாகப் பக்கத்தில் நிற்கும். பார்ப்பவருக்கு அங்கே ஓர் இணைப்பு இருந்திருக்க வேண்டும் என்பதே தெரியாது. ஆண்டுக்கணக்கில் இப்படிப்பட்ட அறுந்த சுட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். எல்லாத் தவறுகளையும் எச்சரிக்கையாகக் காட்டும் கடுமையான அமைப்பும் ஸ்பிங்க்ஸில் உண்டு. ஆனால் பழைய, பெரிய ஆவணத்தில் அதை முதன்முதலில் இயக்கினால் எச்சரிக்கைகள் வெள்ளமாக வரும். குழு மலைத்துப்போய் அதை அணைத்துவிடும்.

ஜாவா இதில் கடுமையான வழியைத் தேர்ந்தது. 2014 மார்ச்சில் வந்த எட்டாம் பதிப்பில், ஆவணக் குறிப்புகளைச் சோதிக்கும் வசதி இயல்பாகவே இயக்கப்பட்டது. இல்லாத பெயரைச் சுட்டினால் அது எச்சரிக்கையாக வராமல் பிழையாகவே வந்தது. பல திட்டங்களின் ஆவணக் கட்டுமானம் ஒரே நாளில் நின்றுபோனது; பலர் சோதனையையே அணைத்து வைத்தார்கள். சரியான கொள்கைதான். ஆனால் படிப்படியாகச் செல்லும் பாதை அமைக்கப்படாததால் அதன் பயன் ஓரளவு வீணானது.

பைத்தான் குழு 2023-ல் வகுத்த முறை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது, பின்பற்றத்தக்கது. எச்சரிக்கைகள் உள்ள ஆவணக் கோப்புகளின் பெயர்கள் அனைத்தும் ஒரு விலக்குப் பட்டியலில் எழுதப்பட்டன. பட்டியலில் இல்லாத எந்தக் கோப்பிலும் இனி ஓர் எச்சரிக்கைகூட இருக்கக் கூடாது. இருந்தால் மாற்றம் ஏற்கப்படாது. பட்டியலிலுள்ள கோப்பை ஒருவர் முழுவதும் திருத்திவிட்டால், அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிக் கருவியே தடுத்து நிறுத்தும். அதனால் பட்டியல் குறைந்துகொண்டே வரும். திருத்திய கோப்பு மறுபடி பழைய நிலைக்குப் போக முடியாது. ஒரே மூச்சில் முடிக்க முடியாத வேலையை, பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கோப்பாக எடுத்துச் செய்ய இது இடம் கொடுத்தது. திறமூலத் திட்டத்தில் முதல் பங்களிப்பைச் செய்ய விரும்பும் மாணவருக்கு இது ஏற்ற வேலை. மொழியின் உட்புற நிரலைத் தொடத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு சுட்டையும் திருத்துவதற்கு அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

எங்கே சுட்டுவது?

இணைப்பு அறாமல் காப்பதைக் கருவி செய்யும். எந்த இடத்தில் எதைச் சுட்டுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் தேர்ந்த ஆவணக்காரர்கள் பின்பற்றும் நெறிகள் சில.

ஒரு பெயரை ஒரு பகுதியில் முதன்முறை குறிப்பிடும்போது இணைப்புக் கொடுத்தால் போதும். பத்து முறை வந்தால் பத்து முறையும் நீல எழுத்தாக்கினால் கண் தடுமாறும். முக்கியமான இணைப்பு எது என்று தெரியாமல் போகும். ஒரு செயற்கூற்றின் பக்கத்திலேயே அதே செயற்கூற்றைச் சுட்டுவது வீண். ஸ்பிங்க்ஸில் இதற்காகவே பெயருக்கு முன் ஒரு குறியிட்டு இணைப்பைத் தவிர்க்கலாம். இணைப்பின் எழுத்து, போய்ச் சேரும் பக்கத்தின் பொருளைச் சொல்ல வேண்டும். ‘இங்கே’ என்ற ஒற்றைச் சொல்லில் இணைப்பைப் பொதிந்தால், திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் பார்வையற்றோருக்கு அது எதையும் சொல்லாது. சுட்டு இரு திசையிலும் இருப்பது நன்று: மெம்காப்பியின் பக்கம் மெம்மூவைச் சுட்டினால், மெம்மூவின் பக்கமும் மெம்காப்பியைச் சுட்டட்டும். படிப்பவர் எந்தப் பக்கத்தில் வந்து இறங்குவார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ள இடத்தில் சுட்டு கட்டாயம். தமிழர்க்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பி.எச்.பி.யில் இருக்கிறது. சரத்தின் நீளத்தைச் சொல்லும் ‘ஸ்டர்லென்’ செயற்கூற்றிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 15 என்று விடை வரும். யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்ளும். இந்தச் சொல்லிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். குறியீடுகளை எண்ணும் ‘எம்.பி. ஸ்டர்லென்’ 5 என்று சொல்லும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சொல்லும் மூன்றெழுத்து என்ற விடையை ‘கிராஃபீம் ஸ்டர்லென்’ என்ற மூன்றாவது செயற்கூறுதான் தரும். மூன்று விடைகளும் அவற்றின் வரையறைப்படி சரியே. ஸ்டர்லென்னின் கையேட்டுப் பக்கம், அது எண்ணுவது பைட்டுகளை, எழுத்துகளை அன்று என்று குறிப்பிட்டு, மற்ற செயற்கூறுகளை அடியில் சுட்டுகிறது. அந்தச் சுட்டு இல்லையென்றால், படிவம் ஒன்றில் தமிழ்ப் பெயருக்கு நீள வரம்பு விதிக்கும் மாணவர் ஒருவர், பாதிப் பெயரிலேயே பயனரைத் தடுத்துவிடுவார். தாம் எழுதிய நிரலில் தவறு எங்கே என்று நெடுநேரம் தேடுவார். வேறு செயற்கூறு இருக்கிறது என்பதே தெரியாதவருக்கு அதைத் தெரியப்படுத்துவதுதான் சுட்டின் தலையாய கடமை.

தமிழில் எழுதும்போது

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் போன்ற, கட்டளைகள் தமிழிலேயே அமைந்த நிரல்மொழிகள் இருக்கின்றன. மற்ற மொழிகளுக்கும் தமிழில் விளக்கம் எழுதுவோர் பெருகுகிறார்கள். தமிழ் ஆவணத்தில் குறுக்குச் சுட்டு நான்கு தனிச் சிக்கல்களைச் சந்திக்கிறது.

முதலாவது, தலைப்பின் இடக்குறி. பக்கத்துக்குள் ஒரு தலைப்புக்கு நேரே இணைப்புக் கொடுக்க, கருவி அந்தத் தலைப்பிலிருந்தே ஓர் இடக்குறியை ஆக்கிக்கொள்கிறது. ஸ்பிங்க்ஸுக்கு அடித்தளமான கருவி இதற்கு ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். முழுவதும் தமிழில் உள்ள தலைப்பிலிருந்து அதற்கு எதுவும் கிடைக்காததால், ‘ஐடி1’, ‘ஐடி2’ என்று வரிசை எண் இட்டுவிடும். நடுவில் ஒரு தலைப்பைப் புதிதாகச் சேர்த்தால் அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் நகரும். வெளியிலிருந்து வந்த இணைப்புகள் வேறு பகுதியில் போய் நிற்கும். தீர்வு எளிது: ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஆங்கில எழுத்தில் நிலையான ஓர் அடையாளப் பெயரைக் கையால் இட்டு, பிறகு அதை மாற்றாமல் வைத்திருப்பது.

இரண்டாவது, முகவரியின் நீளம். தமிழெழுத்தை முகவரியில் வைத்தால், அனுப்பும்போது ஒவ்வொரு குறியீடும் விழுக்காட்டுக் குறியும் எண்ணெழுத்துமாக ஒன்பது இடங்கள் கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் 45 இடங்களாகும். உலாவியில் தமிழாகத் தெரிந்தாலும், நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் நீண்டு புரியாத வடிவில் போய்ச் சேரும். கோப்புப் பெயருக்கும் அடையாளப் பெயருக்கும் ஆங்கில எழுத்தும், திரையில் தெரியும் தலைப்புக்குத் தமிழும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது.

மூன்றாவது, வேற்றுமை உருபு. கலைச்சொல் அகராதியில் ‘சரம்’ என்று பதிந்திருப்பார்கள். வாக்கியத்தில் அது ‘சரத்தை’, ‘சரத்தின்’, ‘சரங்களுக்கு’ என்று மாறி வரும். கருவி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் ‘சரத்தை’ என்பதை அடையாளம் காணாது. எனவே திரையில் தெரிய வேண்டிய வடிவத்தையும் அகராதியிலுள்ள வடிவத்தையும் தனித்தனியே கொடுக்கும் முறையைத் தமிழ் ஆவணக்காரர் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டும். இணைப்புக்காக வாக்கியத்தை வளைத்து, உருபைத் துண்டாக எழுதினால் படிக்கச் சகிக்காது.

நான்காவது, ஒரே எழுத்தின் இரண்டு குறியீடுகள். ‘கொ’ என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என்று இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டு பேர் இரண்டு விசைப்பலகைகளில் தட்டிய ஒரே கலைச்சொல் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகக்கூடும். ஆவணக் கோப்புகள் அனைத்தையும் யூனிகோடு வரையறுத்த ஒரே இயல்பு வடிவுக்கு மாற்றும் சிறு நிரலைக் கட்டுமானத்தின் முதல் படியாக வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

மொழிபெயர்ப்பு ஆவணத்துக்கு இன்னும் ஒரு நெறி சேரும். பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புக்கான முறையை 2017-ல் எழுதப்பட்ட 545-ஆம் முன்மொழிவு வகுத்தது. முகவரியில் மொழிக் குறியீடு மட்டும் கூடுதலாக வரும். மற்றப் பகுதி மூலத்தைப் போலவே இருக்கும். தலைப்பு மொழிபெயர்க்கப்பட்டாலும் இடக்குறி மூலத்தில் இருந்ததே நீடிக்கும். அதனால் படிப்பவர் ஒரு பகுதியின் நடுவில் மொழியை மாற்றினாலும் அதே பகுதியில் நிற்பார். மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிப் படிக்கும் ஜொகூர் மாணவருக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. தமிழ் விளக்கத்தில் புரியாத சொல்லை ஒரே சொடுக்கில் ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பார்த்துத் திரும்ப முடியும்.

வேலையின் வரிசை

ஏற்கெனவே உள்ள ஆவணம் ஒன்றின் சுட்டுகளைச் சீராக்க முற்படும் குழு, பல்கலைக்கழகத் திட்டப்பணியாக இருந்தாலும் நிறுவனத்தின் நிரலகமாக இருந்தாலும், பின்வரும் வரிசையில் செல்வது நன்று.

முதலில் வெளியிணைப்புகளையும் உள்ளிணைப்புகளையும் கருவியால் சோதித்து, அறுந்தவற்றைப் பட்டியலிட வேண்டும். அடுத்து, கையால் எழுதிய பாதைகளை எல்லாம் பெயரால் சுட்டும் முறைக்கு மாற்ற வேண்டும். பிறகு, மற்றத் திட்டங்களைச் சுட்டும் இணைப்புகளுக்கு அவற்றின் இருப்புப் பட்டியலைப் பயன்படுத்த வேண்டும். நான்காவதாக, பைத்தான் குழு செய்ததுபோல் விலக்குப் பட்டியல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாகவே சோதனை நடக்கும்படி அமைக்க வேண்டும். இடம் மாறிய பக்கங்களின் பழைய முகவரிகளை அழிக்காமல், புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஐந்தாவது. வெளியே யாரோ எழுதிய நூலிலும் பாடக்குறிப்பிலும் அந்தப் பழைய முகவரி இருக்கும், அதை ஆவணக் குழு திருத்த முடியாது.

இந்த ஐந்தும் கருவிகள் முடித்துத் தரும் வேலைகள். ஆறாவதை மனிதர்தான் செய்ய வேண்டும்: பயனர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்வி எந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எழுந்தது, விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, இரண்டுக்கும் இடையே காரணத்தோடு ஒரு சுட்டு அமைப்பது. விடை ஆவணத்தில் இருந்தும் கேள்வி எழுகிறது என்றால், அங்கே குறைவது பெரும்பாலும் புதிய விளக்கம் அன்று, ஓர் இணைப்பு. இந்தப் பணிக்கு அந்த மொழியை அண்மையில் கற்றவர்களே பொருத்தமானவர்கள். எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றோம் என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பல ஆண்டு அனுபவமுள்ளவர், எந்தச் சுட்டும் இல்லாமலேயே அந்த இடத்தைக் கடந்து போய்விடுவார்.

(தொடரும்)